எனக்குச் சாமி வராது

எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் எனக்கு ஒரு பதவி இருந்தது. அறிவிப்புப் பலகையில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எழுதுவார்களே, அந்த வரிசையில் வராத பதவி. பால்குடம் எடுத்துவரும் பெண்களுக்குப் பின்னால் நான் நடக்க வேண்டும். உருமிச் சத்தத்தில் அருள் வந்து, ஆடி, கால் பின்னிச் சாயும்போது, தலை தார்ச்சாலையில் மோதாமலும் குடத்துப் பால் சிந்தாமலும் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஏழு வருடங்கள் செய்தேன். அந்தப் பதவிக்கு என்னிடமிருந்த ஒரே தகுதி, எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்பது.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பக்தி உள்ளவர்களைப் பின்னால் நிறுத்தினால், உருமி உச்சத்துக்குப் போகும்போது பிடிக்க வந்தவருக்கும் சேர்த்துச் சாமி வந்துவிடும். என் சித்தி, அம்மாவின் தங்கை, இதற்குப் பேர்போனவர். உருமிக்காரர்கள் குச்சியைத் தேய்த்துப் பதம் பார்க்கும்போதே சித்தியின் தோள் குலுங்கும். ஒருமுறை அவர் பிடிக்கப் போன பெண், ஒரு கையால் குடத்தையும் மறுகையால் சித்தியையும் தாங்கிக்கொண்டு நடந்தாள். அந்தக் காணொளி இன்னும் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நான் மாட்டியது பத்தொன்பது வயதில். பள்ளித் தோழி பால்குடம் எடுத்தாள். படம் பிடித்துக் கொடுக்கப் போனேன். பாதி வழியில் அவளுக்கு வந்துவிட்டது. சுற்றியிருந்த அவளுடைய அத்தை, மாமி, அக்கா எல்லாருக்கும் வரிசையாக வந்துவிட்டது. சும்மா நின்றவள் நான் ஒருத்திதான். கைப்பேசியை வாயில் கவ்விக்கொண்டு அவள் இடுப்பைப் பிடித்தேன். மறுவாரமே ஓர் ஆன்ட்டி வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஒங்க மக சாமியே இல்லன்னு சொல்லுமாமே, உண்மையா?" என்று கேட்டார். அம்மா மானம் போனதுபோலத் தலை குனிந்தார்.

"அப்பாடா," என்றார் ஆன்ட்டி. "அப்ப அடுத்த மாசித் திருவிழாவுக்கு எம் மருமகளுக்குப் பின்னால அனுப்பி வைங்க லா. இந்தக் காலத்துல நம்பி நிறுத்த ஆளே கெடைக்க மாட்டேங்குது."

அன்று தொடங்கியதுதான். திருவிழா நெருங்கினால் வாட்சாப்பில் செய்தி வந்து குவியும். "தங்கச்சி, எங்க அண்ணிக்கு நீதான்." "பாப்பா, வேற யாருக்கும் ஒத்துக்காத." நான் புக்கிட் பெருந்துங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எதையும் முறையாகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே இதற்கும் முறை கண்டுபிடித்தேன். முகத்தைப் பார்க்கக் கூடாது, குதிகாலைப் பார்க்க வேண்டும். அருள் வருகிறவர்களுக்கு முதலில் குதிகால்தான் தரையைவிட்டு எழும். பிறகு உருமி எப்படிப் போகிறதோ உடம்பும் அப்படியே போகும். அடி விழும் இடத்தில் தோளும் விழும். உருமி ஓய்ந்தால் ஆளும் தளர்வார். அப்போது கையைப் பிடிக்கக் கூடாது, கையில் குடம் இருக்கிறது. இடுப்புச் சேலையைக் கொத்தாகப் பிடித்து, நம் தோளை அவர் முதுகுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

நடிப்பா, நிஜமா என்று என் நண்பர்கள் கேட்பார்கள். நடிப்பில்லை. ஏழு வருடங்களில் நான் பிடித்த உடம்புகளில் ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை. வந்தது சாமி என்றுதான் நான் நினைக்கவில்லை.

என் நாத்திகத்துக்குப் பின்னால் பெரிய கதையெல்லாம் கிடையாது. பள்ளியில் படிவம் நான்கில் இயற்பியல் பிடித்துப்போனது. கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், படித்ததையெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஒப்பித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, சாம்பிராணிப் புகைக்கு நடுவில், "எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா," என்று அறிவித்தேன். வீடு இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா, "சரி, அந்த மணிய எடு," என்றார்.

கோயிலுக்குப் போகாமலிருக்கக் கொஞ்ச நாள் 'மூணு நாள்' சாக்குச் சொல்லிப் பார்த்தேன். அம்மா சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். "இந்த மாசம் ஒனக்கு இது மூணாவது தடவ. கிளினிக் போவமா?" என்று கேட்டார். அத்தோடு பொய்யை விட்டேன். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வது, கேட்காதவரிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். இரண்டாவது பாதி இன்றுவரை எனக்குக் கொஞ்சம் சிரமம்.

தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரம், பாரத்தில் மதம் என்ற கட்டத்தை நான் காலியாக விட்டதைப் பக்கத்து மேசை மலாய்த் தோழி பார்த்துவிட்டாள். "அப்படின்னா, சாவி தொலைஞ்சா யாருகிட்ட கேப்ப?" என்று மலாயில் கேட்டாள். "உன்கிட்ட," என்றேன். எங்கள் சீன மேற்பார்வையாளர், "நானும் ஃப்ரீ திங்கர்தான், மதமெல்லாம் இல்ல!" என்று உற்சாகமாகக் கைகொடுத்தார். கொடுத்த கையாலேயே மூன்றாம் எண் இயந்திரத்தின் பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றினார். "இது ரொம்பப் பிடிவாதமான மெஷின் லா," என்று விளக்கம் வேறு. தோழி இன்றுவரை எனக்காகத் தன் தொழுகையில் வேண்டிக்கொள்கிறாள். நான் காய்ச்சலில் படுத்தால் மூன்று மதங்கள் என்னைப் பார்த்துக்கொள்கின்றன. குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட அருள் வந்ததில்லை. செவ்வாய், வெள்ளி விரதம் தவறமாட்டார். கோயிலில் பெருக்குவது, கோலம் போடுவது, பாத்திரம் விளக்குவது எல்லாவற்றிலும் முதல் ஆள். ஆனால் வருவதெல்லாம் தங்கைக்குத்தான். ஒருநாள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே, "ஆத்தாவுக்கு என் மேல என்னா கோவம்?" என்று கேட்டார். கேட்டது யாரிடம்? என்னிடம்.

இந்த அம்மாதான் எனக்காகப் பால்குடம் எடுத்தார். செகிஞ்சானில் கூட்டாளிகளோடு மீன் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது ஒரு நெல் லோரி உரசி, நான் ஓட்டிவந்த காடி வயல் கால்வாயில் கவிழ்ந்தது. நான் சேறும் சகதியுமாக ஏறி வந்தேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சீட் பெல்ட் என்றேன் நான். ஆத்தா என்றார் அம்மா. ஆஸ்பத்திரி வாசலிலேயே மூன்று வருடம் பால்குடம் என்று நேர்ந்துகொண்டார். நடுவில் விரதம் முறிந்தால் மறுபடி முதலிலிருந்து மூன்று வருடம். இந்த நிபந்தனையை ஆத்தா போடவில்லை, அம்மாவே போட்டுக்கொண்டார்.

இரண்டு வருடம் சிக்கலில்லாமல் போனது. மூன்றாம் வருடத்துக்குள் அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, வந்துவிட்டது.

"டாக்டர் என்னாம்மா சொன்னாரு?"

"மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னாரு."

"அப்புறம்?"

"பட்டினி கெடக்கக் கூடாதுன்னாரு."

"அப்ப?"

"அவரு இப்ப வந்தவரு. ஆத்தா எம்புட்டு நாளா இருக்கா."

ஒரு வாரம் சண்டை போட்டேன். கடைசியில் அம்மா ஒரு சலுகை கொடுத்தார். "ஒன் சித்தி வேணாம், அவளப் புடிக்கவே ரெண்டு பேரு வேணும். எம் பின்னால நீயே வா. பால் ஊத்துன பெறகு நீ எதக் குடுத்தாலும் திங்கிறேன். அதுக்கு முன்னால எதையாச்சும் வாயில திணிச்ச, திரும்ப மூணு வருசம் எடுப்பேன், பாத்துக்க." சொன்னால் செய்வார். காற்சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலத்தோடு, தோற்றுப்போனவளாக ஒத்துக்கொண்டேன்.

புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஆற்றோரப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. எங்கள் கோயிலுக்கு இரண்டரை கிலோமீட்டர் நடை. காலை ஒன்பதரைக்கே வெயில் உச்சந்தலையைத் துளைத்தது. முன்னால் ஒரு லோரி, தார்ச்சாலை சுடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனது. அதன் பின்னால் உருமி, அதன் பின்னால் மஞ்சள் சேலைகள். சித்தி முதல் முந்நூறு மீட்டரிலேயே ஆடிக்கொண்டு போய்விட்டார். நான் அம்மாவின் குதிகாலில் கண் வைத்து நடந்தேன்.

செம்பனைக் காடு தொடங்கும் முச்சந்தியில் சாலையோரமாகத் தேநீர் விற்கும் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் அம்மாவின் உடம்பு நடுங்கத் தொடங்கியது.

"வந்துருச்சு! அக்காவுக்கு வந்துருச்சுடி!" என்று யாரோ கத்தினார்கள். குலவைச் சத்தம் எழுந்தது. இத்தனை வருடமாக வராதவருக்கு வந்துவிட்டது என்றால் சும்மாவா? முன்னால் போனவர்கள்கூடத் திரும்பி ஓடி வந்தார்கள். உருமிக்காரர்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு வேகத்தைக் கூட்டினார்கள். ஒருவர் நெற்றி நிறைய விபூதி அப்பினார்.

நான் குதிகாலைப் பார்த்தேன். அது தரையில் அழுந்தி இருந்தது. உருமி ஒரு பக்கம் போனது, அம்மாவின் நடுக்கம் வேறு பக்கம் போனது. அடி விழும் இடத்தில் தோள் விழவில்லை. பிடரியில் கை வைத்தேன். அந்த வெயிலில் வியர்வை சில்லென்று இருந்தது.

காதருகே குனிந்து, "காலைல மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டேன். தலை லேசாக ஆடியது. டாக்டர் சொன்னபடி மாத்திரையும் போட்டிருக்கிறார், ஆத்தாவிடம் சொன்னபடி சாப்பிடாமலும் வந்திருக்கிறார். இரண்டு பேர் மனமும் கோணக் கூடாது. இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டிருந்தது. குளுக்கோஸைப் பிரித்து உதட்டருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

குடத்தை நானும் ஓர் அக்காவும் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அம்மா மெல்லச் சரிந்து சாலையோரம் உட்கார்ந்தார். கண் பாதி மூடியிருந்தது. உதடு அசைந்தது.

"தே ஓ..." என்றார். "ஒரு தே ஓ..."

தினமும் காலை ஏழு மணிக்கு அம்மா ஒரு தே ஓ, பால் கலக்காத தேநீர், குடிப்பார். அன்று குடிக்கவில்லை. மயக்கத்தில் உடம்பு தன் வழக்கத்தைக் கேட்டது, அவ்வளவுதான். ஆனால் சுற்றி நின்றவர்களுக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

"ஏய், ஆத்தா தே ஓ கேக்குறாடி!"

"மாரியம்மா தே ஓ கேப்பாளா?"

"ஏன் கேக்க மாட்டா? முனியாண்டி பீர் கேக்கறாரு, மதுர வீரன் சுருட்டு கேக்கறாரு. பால்மரம் வெட்டுனவங்களோட இந்தத் தோட்டத்துலயே கெடந்தவ, ஒரு தே ஓ கேக்கக் கூடாதா? ஓடுங்க லா!"

நான்கு பேர் ஒட்டுக்கடைக்கு ஓடினார்கள். கடைக்கார அண்ணன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "யாருக்கு வந்துருக்கு? அந்த அக்காவா? அது எப்பவும் கோசோங்தான் குடிக்கும். ஒரு தே ஓ கோசோங்!"

கோசோங் என்றால் சீனி போடாதது. சீனி இல்லாத தேநீர் சுடுதண்ணீருக்குச் சமம்.

எழுந்து நின்று, 'இது சாமியில்லை, சீனி இறங்கிவிட்டது' என்று சொல்லியிருக்கலாம். ஏழு வருடங்களாக வாய்ப்புக்குக் காத்திருந்த வாக்கியம்தான் அது. ஆனால் சொன்னால் அது சாப்பாடு ஆகிவிடும். அம்மா வாயைத் திறக்க மாட்டார். திறந்தாலும் விரதம் முறியும், மறுபடி மூன்று வருடம், இதே மாத்திரை, இதே வெயில். ஆத்தா கேட்டுக் குடித்தால் எதுவும் முறியாது. எனக்கு யோசிக்க ஐந்து விநாடி இருந்திருக்கும்.

"கோசோங் வேணாம்!" என்று கத்தினேன். "ஆத்தா சீனி தூக்கலா கேக்குறா!"

உருமி நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்கார அண்ணன் கரண்டியைப் போட்டுவிட்டுச் சீனி டப்பாவையே கவிழ்த்தார்.

பெரிய குவளையில் வந்தது. ஆற்றிக் கொடுத்தேன். ஆத்தா கேட்டதாயிற்றே, அம்மாவின் வாய் தானாகத் திறந்தது. பாதிக் குவளை இறங்கும்போது வேறோர் ஆன்ட்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கும்பிட்டார். "ஆத்தா, எம்மவனுக்கு எப்ப கல்யாணம் ஆகும், சொல்லும்மா!"

அம்மா குவளையைக் காலி செய்துவிட்டு, "இன்னொன்னு," என்றார்.

"இன்னொரு வருசமாம்! கேட்டுக்குங்க, இன்னொரு வருசமாம்!"

இரண்டாவது குவளைக்குப் பிறகு அம்மாவின் கண்ணில் தெளிவு வந்தது. பிடரி காய்ந்தது. கால் மணி நேரத்தில் எழுந்து, குடத்தைச் சரிசெய்துகொண்டு, எதுவும் நடக்காததுபோல நடந்தார். கோயிலில் பாலை ஊற்றியபோது அவருடைய இரண்டு கைகளும் உறுதியாக இருந்தன. மூன்று வருடம் முடிந்தது. நான் தூணோரம் உட்கார்ந்து, குளுக்கோஸ் பொட்டலத்தை நானே வாயில் கொட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது காடியில் நானும் அம்மாவும்தான். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த வழியில்லை.

"எனக்கு வந்துச்சாடி?" என்று அம்மா கேட்டார்.

"எல்லாரும் வந்துச்சுன்னுதான் சொல்றாங்க."

"அவங்க சொன்னதத்தான் கேட்டுட்டனே. பின்னால நின்னவ நீ. நீ சொல்லு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடம் கோயில் பாத்திரம் விளக்கியிருக்கிறார்! ஒரு முச்சந்தி முழுக்கப் பொய் சொன்னவளுக்கு இன்னொரு பொய் பாரமா என்ன? ஆனால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்பதால்தான் என்னிடம் கேட்கிறார். அது தெரிந்த பிறகு ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா. சீனி எறங்கிருச்சு. மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினியா வந்தல்ல, அதான். நீ உருமியோட ஆடவே இல்ல."

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. உருமிச் சத்தமே காதுல விழல." திரும்பாமலேயே, "அப்ப எனக்கு வரவே வராதா?" என்றார்.

"வராட்டி என்னாம்மா? சித்தியும் நீயும் சேந்து ஆடுனா கோயில்ல அன்னதானத்துக்கு யாரு சோறு ஆக்குறது?"

சிரிப்பும் அழுகையுமாக முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் பழைய அம்மா வந்துவிட்டார். "சரி, எறங்குனது சீனிதான். அத்தன பேர ஓட வெச்சு எனக்குத் தே ஓ கொண்டாந்தது யாரு?"

"ஒட்டுக்கடை அண்ணன்."

"போடி."

கதை இத்தோடு முடிந்திருந்தால் என் பதவி தப்பியிருக்கும். ஆனால் சித்தி அந்த வாரம் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "அக்கா சும்மா முனகுச்சு. சீனி தூக்கலான்னு ஆத்தா கேட்டது யாரு வாயால? சாமியே இல்லன்னு சொல்ற இவ வாயால! அன்னிக்கு வந்தது அக்காவுக்கு இல்ல, இவளுக்கு!" தோட்டம் முழுக்க அது பரவிவிட்டது. நான் எவ்வளவு மறுத்தாலும், வந்தவர்களுக்கு வந்தது தெரியாது என்று சித்தியிடம் பதில் தயாராக இருந்தது. கோயில் கூட்டத்தில், இனி ஒவ்வொரு வருடமும் அந்த முச்சந்தியில் பால்குடக்காரர்கள் எல்லாருக்கும் சீனி போட்ட தே ஓ தருவது என்று முடிவானது. ஆத்தா கேட்டதாயிற்றே. பாதுகாப்புப் பிரிவுக்காரியாக எனக்கு அதில் பரம சந்தோஷம். தொழிற்சாலையில் தோழியிடம் சொன்னபோது, அவளும் மேற்பார்வையாளரும் ஆளுக்கொரு பக்கம் அம்மா எழுந்து நடந்தது தங்கள் வேண்டுதலின் பலன் என்று உரிமை கொண்டாடினார்கள்.

ஆனால் இந்த வருடத் திருவிழாவுக்கு எனக்கு ஒரு வாட்சாப் செய்திகூட வரவில்லை. வழக்கமாகக் கூப்பிடும் ஆன்ட்டியிடம் நானே போய்க் கேட்டேன். அவர் தயங்கி, "கோச்சுக்காத பாப்பா. நடு ரோட்டுல ஒனக்கு வந்துருச்சுன்னா எம் மருமகள யாரு புடிக்கிறது?" என்றார்.

வீட்டுக்கு வந்து கோபமாக உட்கார்ந்திருந்தேன். நேர்த்தி முடிந்தும் நன்றிக்கு இன்னொரு வருடம் எடுப்பதாக அம்மா முடிவு செய்திருந்தார். இம்முறை டாக்டரைக் கேட்டு மாத்திரையின் நேரத்தை மாற்றியாயிற்று. புறப்படுமுன் ஒரு குவளை, முச்சந்தியில் ஒரு குவளை தே ஓ என்றும் பேசியாயிற்று. ஆத்தாவே குடித்ததை அம்மா குடித்தால் விரதம் முறியாதாம். மஞ்சள் சேலையை மடித்துக்கொண்டே என் புலம்பலைக் கேட்டார்.

"ஊரே ஒனக்கு வரும்னு சொல்லட்டும்," என்றார். "ஒனக்கு வராது. எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கெழம லீவு போட்டுட்டு வா. எம் பின்னால நீதான் நிக்கிற."